ஃபியூஸுக்குத் தெரியாத சூடு: கார் சாக்கெட்டிலிருந்து டயருக்குக் காற்றடிப்பது பற்றி

போன வருசம் மாமனார் ஊர் நோம்பிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மூலனூரிலிருந்து வெள்ளக்கோயில் வரும் சாலையில் வண்டி இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயர் பாதிக்கு மேல் சப்பிக் கிடக்கிறது. தோட்டத்து இட்டேரியில் நிறுத்தியிருந்தபோது வேலமுள் ஏறியிருக்க வேண்டும். பொழுது இறங்கிவிட்டது. சாலைக்கு இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் கொறங்காடும்தான். பஞ்சர் கடைக்கு வெள்ளக்கோயில் வரை போயாக வேண்டும்.

எனக்கு ஒன்றும் பதற்றமில்லை. மச்சினன் வாங்கிக் கொடுத்த காற்றடிக்கும் டப்பா, அதாவது கார் சாக்கெட்டில் செருகி ஓட்டும் சின்னக் கம்ப்ரசர், டிக்கியில் இருந்தது. கியர் லீவருக்கு முன்னால் இருக்கும் சாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு மூன்று வழி ஸ்ப்ளிட்டர். அதில் ஒன்றில் போன் சார்ஜர், இன்னொன்றில் டேஷ்கேமரா. மூன்றாவது ஓட்டை காலியாக இருந்தது, அதில் டப்பாவின் பிளக்கைச் செருகினேன். டர்ர்ரென்று ஓடியது. மீட்டர் முள் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, சத்தம் அப்படியே நின்றது. டேஷ்கேமராவும் செத்தது, போனில் சார்ஜ் ஏறுவதும் நின்றது. ஸ்ப்ளிட்டரைத் தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. இருட்டில் ஸ்டெப்னி மாற்றி வீடு வந்து சேரும்போது மணி பத்தரை.

மறுநாள் பெருந்துறையில் வண்டி ஒயரிங் பார்க்கும் அண்ணனிடம் போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, சின்ன இடுக்கியால் நீல நிற ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே வளைவாக ஓடும் தகட்டின் நடுப்பகுதி அறுந்து, இரண்டு முனையிலும் கருப்பாகப் பொட்டு விழுந்திருந்தது.

"ஏனுங் தம்பி, இதுல என்னென்ன மாட்டீருந்தீங்?"

சொன்னேன்.

"ஃபியூஸ் போனது நல்லதுங். அது போகலீனா வேற எதாச்சும் போயிருக்கும். ஆனா அந்த மூணு வழி டப்பா சுட்டுச்சுன்னு சொன்னீங் பாருங், அது வேற கதை. அதை ஃபியூஸ் பாக்காதுங்."

அந்தக் கடைசி வரி எனக்கு அன்று சரியாகப் புரியவில்லை. புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். காற்றடிக்கும் டப்பாவைப் புதிதாக வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

கிணற்று மோட்டாரைவிடப் பெரிய பசி

நம் பக்கம் கம்ப்ரசர் என்றால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ, போர்க்குழியில் காற்றை விட்டுத் தண்ணீர் எடுக்கும் கம்ப்ரசர் மோட்டாரோதான் கண்ணுக்கு வரும். அதோடு ஒப்பிட்டால் உள்ளங்கையில் அடங்கும் இந்த டப்பா விளையாட்டுச் சாமான்போலத் தெரியும். செல்போன் சார்ஜர் நுழையும் அதே ஓட்டையில் நுழைகிறதே, அதுபோலத்தான் மின்சாரமும் எடுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கணக்கு எளிது. டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். சாதாரணமாகக் கார்களுக்கு விற்கும் டப்பா 120 வாட் என்றால், 120 வகுத்தல் 12, பத்து ஆம்பியர். சாதாரண போன் சார்ஜர் இரண்டு ஆம்பியர்கூட எடுக்காது.

பத்து ஆம்பியர் என்பது எவ்வளவு பெரியது? தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு லைனில் எடுப்பது சுமாராக ஏழு, ஏழரை ஆம்பியர்தான். ஒரு ஏக்கர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரைவிட, நாலு டயருக்குக் காற்றடிக்கும் டப்பாவுக்கு ஒயரில் கரன்ட் அதிகமாக ஓடுகிறது! மோட்டார் செய்யும் வேலை முப்பது மடங்குக்கு மேல் பெரியதுதான். ஆனால் அதற்கு வருவது 415 வோல்ட். கார் பேட்டரியோ 12 வோல்ட். வோல்ட் குறைந்தால், அதே வேலைக்கு ஆம்பியர் ஏறியாக வேண்டும். ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர்தான், வோல்ட் அல்ல. 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்ற தைரியத்தில் நாம் கோட்டை விடுவது இங்கேதான். ஷாக் அடிக்காது, உண்மை. தீப்பிடிக்கும்.

இனி சாக்கெட் பக்கம். அதன் மூடியிலோ உள் விளிம்பிலோ 12 வோல்ட், 120 வாட் என்று பொறித்திருப்பதைப் பல கார்களில் பார்க்கலாம். சிலவற்றில் 180 வாட். வண்டியோடு கொடுத்த கையேட்டிலும் இருக்கும். அந்த எண்ணும், டப்பாவின் எண்ணும், ஃபியூஸின் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சாக்கெட் 120 வாட், ஃபியூஸ் 15 ஆம்பியர் என்று இருந்தால், ஃபியூஸ் தாங்குகிறதே என்று 180 வாட் டப்பாவைச் செருகக் கூடாது. மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் எல்லை.

இன்னொன்று, முன் சீட்டிலும் பின் சீட்டிலும் தனித்தனி சாக்கெட் இருந்தாலும், பல வண்டிகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான். பின்னால் மனைவியின் போன், முன்னால் கம்ப்ரசர் என்று பிரித்துப் போட்டதால் சுமை பிரிந்துவிடாது. காற்றடிக்கும் நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட வேண்டும். ஸ்ப்ளிட்டரை நான் அதன் பிறகு இந்த வேலைக்குத் தொட்டதே இல்லை. மலிவான ஸ்ப்ளிட்டரை ஒருமுறை பிரித்துப் பாருங்கள், உள்ளே ஓடும் ஒயர் காதுக் கம்மல் கம்பி அளவுக்குத்தான் இருக்கும்.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

காருக்குள் இருக்கும் தட்டை ஃபியூஸ்களுக்கு நிறத்தில் மொழி உண்டு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எண்ணும் மேலேயே அச்சடித்திருக்கும். சாக்கெட்டுக்கான ஃபியூஸ் எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் தெரியும்.

நீலம் போனால் கையில் இருக்கும் மஞ்சளைப் போட்டுவிடலாமா? எல்லாருக்கும் வரும் சபலம் இது. தோட்டத்தில் ஸ்டார்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் கேரியரில், அடிக்கடி போகிறதே என்று கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டி, அப்புறம் மோட்டார் காயிலையே எரித்தவர்கள் நம் ஊரில் குறைவா? காரில் அதே வேலையைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். ஏனென்றால் ஃபியூஸ் காவல் காப்பது டப்பாவை அல்ல, ஒயரை. பேட்டரியிலிருந்து சாக்கெட் வரை கார்ப்பெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் ஓடும் ஒயர் இவ்வளவு ஆம்பியர்தான் தாங்கும் என்று கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு, அதற்கேற்ற ஃபியூஸைப் போட்டிருக்கிறான். பெரிய ஃபியூஸ் போட்டால் அறுந்துபோக வேண்டிய இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் பத்து ரூபாய்த் தகட்டுக்குப் பதில், கண்ணுக்குத் தெரியாத ஒயர் உருகும்.

பல டப்பாக்களின் பிளக்குக்குள்ளேயே இன்னொரு ஃபியூஸ் இருக்கும். நுனியில் இருக்கும் வளையத்தைத் திருகினால் ஒரு ஸ்பிரிங்கும் சின்னக் கண்ணாடிக் குழாயும் வெளியே வரும். டப்பா ஓடவில்லை, ஆனால் அதே சாக்கெட்டில் போன் சார்ஜ் ஆகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயைத்தான். திருகும்போது ஸ்பிரிங் துள்ளி சீட்டுக்கு அடியில் போய்விடும், கையை அணைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டது எது?

அண்ணன் சொன்ன வேற கதை இதுதான்.

இந்த சாக்கெட் பிறந்தது சிகரெட் பற்றவைக்க. உள்ளே அமுக்கினால் ஒரு சுருள் கம்பி செக்கச் சிவக்கப் பழுத்து, சில நொடிகளில் தானாகவே வெளியே துள்ளும். சில நொடிகள் மட்டும் கரன்ட் ஓடுவதற்காகச் செய்த ஓட்டை அது. பிறகுதான் காலம் மாறி அதே வடிவத்தில் சார்ஜர், வாக்யூம் கிளீனர், கம்ப்ரசர் எல்லாம் வந்தன. வீட்டு பிளக்போல மூன்று முள் இறுக்கமாகப் போய் உட்காரும் அமைப்பு இதில் கிடையாது. நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை, பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடுகள், இவ்வளவுதான் பிடிமானம். முனை பிளஸ், சுற்றுச்சுவர் மைனஸ். இவ்வளவு சின்னத் தொடுதலின் வழியாகப் பத்து ஆம்பியரும் போய் வர வேண்டும்.

தொடுதல் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசு, கறுத்த தகடு, ஆட்டம் கண்ட பிளக், ஏதோ ஒன்று. அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை சேர்ந்தால் என்ன ஆகும்? ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, ஓமால் பெருக்க வேண்டும். பத்து பெருக்கல் பத்து, நூறு. அதில் பத்தில் ஒன்று, பத்து வாட். பத்து வாட் என்பது ஒரு அறைக்கு விளக்கு என்றால் ஒன்றுமில்லை. ஆனால் மிளகு அளவுப் புள்ளியில் பத்து வாட் சூடு பிறந்தால், சின்ன சால்டரிங் அயர்ன் நுனியை பிளாஸ்டிக் மேல் வைத்த மாதிரி. பிளக் இளகும். இளகினால் பிடிமானம் இன்னும் தளரும். தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும்.

இதெல்லாம் நடக்கும்போது ஃபியூஸ் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யாது. அதன் வழியாக ஓடுவது அதே பத்து ஆம்பியர்தான், கூடவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை ஆம்பியர். அதனால்தான் உருகிப்போன பிளக்கோடு கடைக்கு வருகிறவர்களில் பலர், ஆனா ஃபியூஸ் நல்லாத்தானுங்கண்ணா இருக்கு என்று ஆச்சரியப்படுவதாக அவர் சொன்னார். என் விஷயத்தில் இரண்டு தப்பும் ஒட்டுக்கா நடந்திருந்தது. சுமை கூடியதால் ஃபியூஸ் போனது, தொடுதல் சரியில்லாததால் ஸ்ப்ளிட்டர் சுட்டது. ஃபியூஸ் போகாமல் இருந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பேன்.

ஃபியூஸுக்குத் தெரியாததை நம் விரல்தான் பார்க்க வேண்டும். பிளக்கைச் செருகியதும் இடமும் வலமுமாக இரண்டு மூன்று தடவை திருப்பினால் தகடுகள் உரசி, மேலே படிந்த கறை கொஞ்சம் விலகும். ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரலை வைத்துப் பத்து எண்ண முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். முதலில் டப்பாவின் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் பிளக்கைப் பிடுங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் முனையில் பொறி பறக்கும், அந்த இடம் கறுக்கும், அடுத்த தடவை சூடு அங்கேதான் பிறக்கும்.

சாக்கெட்டைத் துடைக்க வேண்டுமென்றால் சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, உலர்ந்த துணியைக் குச்சியில் சுற்றித் துடைக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுச் சுரண்ட வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்க மறந்திருந்து, நடுவும் சுவரும் ஒன்றாகத் தொட்டால் அடுத்த நொடி ஃபியூஸ் போய்விடும். மூடி தொலைந்துபோன சாக்கெட்டுக்குள் ஒத்த ரூபாய் விழுந்து இதே வேலையைச் செய்வதும் உண்டு. டீக்குச் சில்லறையை அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே போட்டு வைப்பவர்கள் மூடியைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஓடணுமா, வேண்டாமா?

சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-ஹவர்) அளவில் இருக்கும். பத்து ஆம்பியரைப் பத்து நிமிடம் எடுத்தால் அதில் போவது ஒன்றே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல பேட்டரிக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மூன்று நாலு வருசம் ஓடிய பேட்டரி, நேற்று முழுக்க வண்டி நின்றது, ராத்திரி உள் விளக்கு எரிந்தது என்றெல்லாம் சேர்ந்தால், டயரில் காற்று நிறைந்திருக்கும், வண்டி கிளம்பாது. ஆள் இல்லாத சாலையில் அதைவிடக் கேவலம் எது?

அதனால் இன்ஜினை ஓட விடுவதே நல்லது. இன்னொரு லாபமும் உண்டு. இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருக்கும், சுமை ஏறினால் இன்னும் இறங்கும். ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதைப் பதிமூன்றரையிலிருந்து பதினாலரை வரை தூக்கி வைக்கும். டப்பா விறுவிறுவென்று ஓடிச் சீக்கிரம் வேலையை முடிக்கும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஹேண்ட் பிரேக், கியர் நியூட்ரல். அப்புறம் இன்ஜின். அதற்கப்புறம்தான் பிளக். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரி வோல்ட் பத்துப் பக்கம் இறங்கும், பல வண்டிகளில் சாக்கெட்டுக்கு மின்சாரமே அப்போது நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை அந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டிவிட வேண்டாம். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வசதி உள்ள வண்டி என்றால் அதை ஆஃப் செய்துவிடுங்கள். எலக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று உண்டு, சாக்கெட் அதில்தான் இருக்கிறது. வண்டியைக் கிளம்பத் தயாரான நிலையில் வைத்தால் பெரிய பேட்டரி அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள்ளும், மூன்று பக்கம் சுவர் வைத்த போர்டிகோவிலும் இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து காற்றடிப்பது ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றும்போது காரணம் புரியாது. தறி ஷெட்டில் ஒரு ஓரமாகக் காரை நிறுத்துகிறவர்கள் இதற்கு வண்டியை வாசலுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

ஒயரை இழுக்காதே, காற்றை இழு

டப்பாவின் ஒயர் பின் டயருக்கு எட்டவில்லை என்று எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கிப் போடுவார்கள். முக்கால் ஸ்கொயர் எம்.எம். ஒயர், மூன்று மீட்டர் என்று வைப்போம். போவதும் வருவதுமாக ஆறு மீட்டர் செம்பு. கணக்குப் போட்டால் பத்து ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் அந்த ஒயரிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

லோ வோல்டேஜ் என்றதும் கிணற்று மோட்டார் நினைவுக்கு வரும். அது வோல்ட் குறைந்தால் கரன்ட்டைக் கூடுதலாக இழுத்துக் காயிலைச் சுடவைக்கும். இந்த டப்பாவுக்குள் இருப்பது டி.சி. மோட்டார், இதன் குணம் கொஞ்சம் வேறு. வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், இழுவைக்கேற்ற கரன்ட் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதனால் ஐந்து நிமிட வேலை எட்டு நிமிடம் ஆகும், அவ்வளவு நேரமும் சூடு சேரும். டயரில் அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் பிஸ்டனைத் தள்ள முடியாமல் நின்றேவிட்டால்தான் வினை. நின்றுபோன டி.சி. மோட்டார்தான் இருப்பதிலேயே அதிகக் கரன்ட் இழுப்பது. டப்பா ம்ம்ம் என்று முனகிக்கொண்டு நின்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

எட்டவில்லை என்றால் மின் ஒயரை நீட்டுவதைவிடக் காற்றுக் குழாயை நீட்டிக்கொள்வது மேல். அல்லது டிக்கியில் தனி சாக்கெட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதும் லேபிளில் இருக்கும். பத்து நிமிடம் ஓட்டு, பத்து நிமிடம் ஆறவிடு என்கிற மாதிரி. சித்திரையில் கரூர், ஈரோடு வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து எடுக்கும்போதே டப்பா சுடும். முடித்துவிட்டுக் குழாயைக் கழற்றும்போது வால்வில் மாட்டிய பித்தளை முனையை வெறுங்கையால் பிடித்து நான் ஒருமுறை கொப்புளம் வாங்கியிருக்கிறேன். காற்றை அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு வந்து உட்காரும் இடம் அது.

மாமாவும் 24 வோல்ட்டும்

சங்ககிரியில் என் மாமா லாரி வைத்திருக்கிறார். ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தவர், "மாப்ள, அந்தக் காத்தடிக்கிற டப்பாவக் குடு, நம்ம வண்டியில பேரப்பையன் சைக்கிள் கெடக்குது, அதுக்கு அடிச்சுப் போடறேன்" என்றார். கொடுத்தேன். லாரி கேபினில் இருந்த சாக்கெட்டில் செருகி சுவிட்சைப் போட்டதும் டப்பா அலறியது பாருங்கள்! அதுவரை நான் கேட்டிராத சத்தம். "பரவால்லயே, நம்ம வண்டியில ஜோரா ஓடுதே" என்று அவர் சிரிக்க, மீட்டர் திரை அணைந்தது, ஓரத்தில் புகை கிளம்பியது.

சாக்கெட் வடிவம் ஒன்றேதான், ஆனால் பெரும்பாலான கனரக லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். செருகும்போது தடுக்க எதுவும் கிடையாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் வீட்டுக்கொரு லாரிக்காரர் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டப்பாவின் லேபிளில் 12 என்று மட்டும் இருந்தால் லாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். மாமா அன்று சாயங்காலமே புது டப்பா வாங்கிக் கொடுத்தார், அது நல்லவிதமாக முடிந்தது.

ஒத்துவராத வேறு சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.பி. ஓட்டையிலிருந்து இந்த வகை டப்பாவை ஓட்ட முடியாது. சாதாரண யு.எஸ்.பி. கொடுப்பது பத்துப் பன்னிரண்டு வாட்தான். உள்ளே பேட்டரி வைத்த டப்பாவைச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் ஆகும், ஆனால் அந்த லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் காரிலேயே விட்டுவைக்காமல் வீட்டுக்குள் எடுத்துவாருங்கள். வீட்டில் வைத்து ஓட்டலாமே என்று இன்டர்நெட் ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரைத் தேடாதீர்கள். அது ஒன்று, ஒன்றரை ஆம்பியர் கொடுக்கும். வோல்ட் பொருந்தினால் போதாது. சாக்கெட்டில் மாட்டும் சின்ன இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் கம்ப்ரசரை ஓட்டுவதும் வேண்டாத வேலை. அந்த இன்வெர்ட்டரும் அதே சாக்கெட்டின் பத்து ஆம்பியரில்தான் பிழைக்கிறது, நடுவில் கொஞ்சம் தின்றும்விடும்.

பெரிய டயர் வைத்த ஜீப் வகை வண்டிக்காரர்கள் இரட்டைச் சிலிண்டர் டப்பா வாங்குவார்கள். அது இருபது, முப்பது ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு சாக்கெட் கிடையாது, பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப்தான். சுவிட்ச் அணைந்த நிலையில் சிவப்பு கிளிப்பை முதலில் பிளஸ்ஸில் மாட்டி, கருப்பை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வ வேண்டும். கழற்றும்போது டப்பாவை அணைத்துவிட்டுக் கருப்பை முதலில் எடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், அதன் பக்கத்தில் பொறி பறக்க விடக் கூடாது. ஒயரை ரேடியேட்டர் ஃபேன் பக்கம் தொங்கவிட வேண்டாம். அந்த ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும். ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு அடிப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் முப்பதிலிருந்து முப்பத்தாறு பி.எஸ்.ஐ.க்குள். அது டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவு. அவிநாசியிலிருந்து பைபாஸில் வெயிலில் ஓட்டி வந்து உடனே அளந்தால் மூன்று நாலு கூடத்தான் காட்டும், இறக்கிவிடாதீர்கள். டயர் பத்து டிகிரி சூடேறினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். நான் காலையில் வாசலிலேயே அளந்துவிடுவேன். பைபாஸ் ஓரத்தில் அடித்தே ஆக வேண்டும் என்றால், வலது பக்க டயருக்கு முன்னால் குத்த வைத்து உட்காராதீர்கள், உங்கள் முதுகு லாரிக்குத் தெரியாது. மெதுவாக உருட்டியாவது ஒரு பெட்ரோல் பங்க் வாசலுக்கு வந்துவிடலாம். திம்பம் மாதிரி மலைச் சாலையில் என்றால் இன்னும் கவனம். வண்டியைச் சாய்வில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டே டப்பாவை எடுங்கள்.

அன்று பெருந்துறை அண்ணன் போன ஃபியூஸுக்கு நீலம் ஒன்று போட்டுவிட்டு, கூடவே இரண்டு நீலத்தைச் சின்னப் பையில் கட்டிக் கொடுத்தார். கிளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். புதுசு போட்டும் போகிறதா, மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் சாக்கெட்டோடு இன்னொன்று போட்டுப் பாருங்கள். எதுவும் செருகாமலே அதுவும் போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது அல்லது குழிக்குள் ஏதோ விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம். "மூணாவது போடாதீங் தம்பி, வண்டியக் கொண்டாங்" என்றார்.